‘சமத்தா இருக்கா!’: லாராவின் எட்டு நாட்கள்

(ஒலி அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னிக்குக் கொஞ்சம் சொந்தக் கதையோட ஆரம்பிக்கிறேன்.

போன வருஷம் என் அக்கா பையனுக்கு நிமோனியா. அப்போ அவனுக்கு ரெண்டு வயசு. ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்தோம், மூணு நாள் ஐசியூ. காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம் மட்டும்தான் அக்கா உள்ளே போகலாம். முதல் நாள் அவன் அழுத அழுகை லிஃப்ட் வரைக்கும் கேட்டது. ரெண்டாம் நாளும் அழுதான். மூணாம் நாள் காலையில ஒரு நர்ஸ் சிரிச்ச முகத்தோட வெளியே வந்து சொன்னாங்க: “பழகிட்டான் மேடம். இன்னிக்கு ரொம்ப சமத்தா இருக்கான், அழவே இல்லை.” எங்க எல்லாருக்கும் நிம்மதி. ஊர்ல இருந்து போன்ல பேசின பாட்டிக்கு மட்டும் நிம்மதி வரல. “அழலையா? புள்ள ஏங்கிப் போயிருக்கும்டா”ன்னாங்க.

அன்னிக்குச் சாயங்காலம் வார்டுக்கு மாத்தினாங்க. அக்கா ரெண்டு கையையும் நீட்டினா. அவன் முகத்தைத் திருப்பிக்கிட்டு எங்க அப்பா தோள்ல சாஞ்சுக்கிட்டான். அக்கா ஒண்ணும் பேசல. ராத்திரி என்கிட்ட மெதுவா கேட்டா, “என்னை மறந்துட்டானாடா?”

ஒரே குழந்தை. நர்ஸ் சொன்ன வார்த்தை “சமத்து”. பாட்டி சொன்ன வார்த்தை “ஏங்கிப் போச்சு”. இதுல யார் சொன்னது சரி? கேட்க ரொம்பச் சின்ன விஷயமா இருக்கு, இல்லையா? ஆனா எழுபது வருஷத்துக்கு முன்னாடி லண்டன்ல இதே கேள்விக்காக டாக்டர்கள் பயங்கரமா சண்டை போட்டுக்கிட்டாங்க. அந்தச் சண்டையில கிடைச்ச பதில், குழந்தைகளின் மனசைப் பத்தி உலகம் யோசிக்கிற விதத்தையே மாத்திடுச்சு.

இன்ஸ்டாகிராம்ல “நீங்க ஆங்ஷியஸ் அட்டாச்மென்ட்டா, அவாய்டன்ட் அட்டாச்மென்ட்டா”ன்னு ரீல்ஸ் பார்த்திருப்பீங்க. பிரேக்கப் ஆன நண்பர்கள் எல்லாம் இந்த வார்த்தைகளை வெச்சுத்தான் பேசிக்கிறாங்க. அந்த அட்டாச்மென்ட் தியரி, அதாவது பிணைப்புக் கோட்பாடு, காதலர்களைப் பார்த்து உருவானது இல்லை. அதன் வேர்களில் முக்கியமான ஒண்ணு ஆஸ்பத்திரிக் கட்டில்ல தனியா உட்கார்ந்திருந்த குழந்தைகள்கிட்ட இருக்கு. இன்னிக்கு அந்தக் கதை.

ஞாயிறு 2 முதல் 4 வரை

1949, லண்டன். இரண்டாம் உலகப் போர் முடிஞ்சு நாலு வருஷம். எல்லாருக்கும் இலவச மருத்துவம் தர்ற தேசிய சுகாதார சேவை தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகுது. மருந்து இலவசம், ஆபரேஷன் இலவசம். ஆனா உள்ளே படுத்திருக்கிற உங்க குழந்தையை நீங்க எப்போ பார்க்கலாம்?

அந்த வருஷம் லண்டன் ஆஸ்பத்திரிகளின் பார்வையாளர் நேரத்தைத் தொகுத்து ஒரு பட்டியல் வெளியானது. கய்ஸ் ஆஸ்பத்திரியில ஞாயிற்றுக்கிழமை 2 முதல் 4 மணி வரை. சேரிங் கிராஸ்ல ஞாயிறு 3 முதல் 4 வரை. செயின்ட் தாமஸ்ல முதல் ஒரு மாசம் பார்க்கவே கூடாது. வேணும்னா ராத்திரி 7 முதல் 8 வரைக்கும் வந்து, தூங்குற குழந்தையைப் பார்த்துட்டுப் போகலாம். ‘லண்டன் ஆஸ்பத்திரி’ங்கிற பெயரிலேயே இருந்த ஒரு பெரிய ஆஸ்பத்திரியில, 3 வயசுக்குக் குறைஞ்ச குழந்தைன்னா பக்கத்துல போக அனுமதியே இல்லை, தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கலாம். வெஸ்ட் லண்டன் ஆஸ்பத்திரியில பார்வையாளர் நேரமே கிடையாது.

தூங்குற குழந்தையை மட்டும் பார்க்கலாம்னு ஒரு விதியை யாரோ உட்கார்ந்து யோசிச்சு எழுதியிருக்காங்க. ஏன்னா குழந்தை முழிச்சிருந்தா அம்மாவைப் பார்த்துடும். பார்த்தா அழும்.

அவங்க கொடூரமானவங்க இல்லை. ரெண்டு காரணம் வெச்சிருந்தாங்க. முதல் காரணம் தொற்று. ஆன்டிபயாடிக் வர்றதுக்கு முந்தின காலத்துல டிப்தீரியாவோ தட்டம்மையோ ஒரு வார்டுக்குள்ள நுழைஞ்சா அது உயிர்ப் பிரச்சனை. அந்தப் பயம் நியாயமானது. ஆனா பென்சிலின் வந்த பிறகும் விதி அப்படியே நின்னுச்சு. அதுக்கு ரெண்டாவது காரணம்தான் காரணம்: “குழந்தைகள் ரெண்டு மூணு நாள் அழுவாங்க, அப்புறம் பழகிடுவாங்க. அம்மா வந்துட்டுப் போனாத்தான் மறுபடி அழுகை ஆரம்பிக்குது.”

வார்டுல வேலை பார்த்த எல்லாரும் இதைக் கண்ணால பார்த்திருக்காங்க. அம்மா வர்றாங்க, குழந்தை அழுது. அம்மா போறாங்க, வார்டே அலறுது. அம்மா வராத நாள்ல வார்டு அமைதியா இருக்கு. அப்படின்னா பிரச்சனை அம்மாதானே? இந்தக் கணக்குல என்ன தப்பு? தப்பைக் கண்டுபிடிச்சவர் டாக்டர் இல்லை. ஒரு காலத்துல பாய்லர் அறையில வேலை பார்த்த ஒருத்தர்.

பாய்லர் அறையிலிருந்து வந்தவர்

அவர் பேர் ஜேம்ஸ் ராபர்ட்சன். 1911ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக்குப் பக்கத்துல, ஒரு தொழிலாளர் குடும்பத்துல பிறந்தவர். போர்க் காலத்துல, சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள் அன்னா ஃப்ராய்ட், குண்டுவீச்சால சிதறிப்போன குடும்பங்களின் குழந்தைகளுக்காக லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில காப்பகங்கள் நடத்தினார். ராபர்ட்சனின் மனைவி ஜாய்ஸ் அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கிட்டாங்க. ராபர்ட்சன் 1941ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். பாய்லருக்கு நெருப்பு போடுறது, உடைஞ்சதை ஒட்டுறது, இப்படிப்பட்ட எடுபிடி வேலைகள்.

அந்தக் காப்பகத்துல அன்னா ஃப்ராய்ட் ஒரு விதி வெச்சிருந்தார். சமையல்காரரோ, நர்ஸோ, பாய்லர்காரரோ, யாரா இருந்தாலும் குழந்தைகள்கிட்ட கவனிச்சதை அட்டையில எழுதித் தரணும். படிப்பு முக்கியமில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதணும், அவ்வளவுதான். பின்னாடி உலகத்தையே உலுக்கின ராபர்ட்சனின் திறமை அந்த அட்டைகள்ல பழகினதுதான்.

இன்னொருத்தர் ஜான் பௌல்பி. ராபர்ட்சனுக்கு நேர் எதிரான பின்னணி. 1907ல் லண்டன்ல, பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணரின் மகனா பிறந்தவர். அந்தக் கால மேல்தட்டு வீட்டு வழக்கப்படி அவர் அம்மாவைப் பார்த்தது தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் போலத்தான். வளர்த்தது ஆயாக்கள். அவருக்கு ரொம்பப் பிடிச்ச ஆயா மின்னி, அவருக்குக் கிட்டத்தட்ட 4 வயசு ஆகும்போது வேலையை விட்டுப் போயிட்டாங்க. அது அம்மாவையே இழந்த மாதிரி இருந்ததுன்னு பெரியவரான பிறகும் சொல்லியிருக்கார்.

மனநல மருத்துவரான பௌல்பி, திருட்டுப் பழக்கத்துக்காகத் தன் கிளினிக்குக்கு வந்த 44 பிள்ளைகளைப் பத்தி 1944ல் ஒரு கட்டுரை எழுதினார். அவங்கள்ல 14 பேர் யார்மேலயும் பாசமோ குற்ற உணர்வோ இல்லாத மாதிரி தெரிஞ்சாங்க. அந்த 14 பேர்ல 12 பேர் சின்ன வயசுல அம்மாவையோ வளர்த்தவரையோ நீண்ட காலம் பிரிஞ்சவங்க. இந்த ஆய்வுல குறைகள் உண்டு; பேட்டி எடுத்தது, யார் எந்த வகைன்னு முடிவு பண்ணினது எல்லாமே பௌல்பிதான். ஆனா அவருக்குள்ள ஒரு கேள்வி விழுந்துடுச்சு: பிரிவு, குழந்தையின் மனசுக்குள்ள உண்மையில என்ன செய்யுது?

இதை ஆராய ஒரு சின்னக் குழு அமைச்சார். இடம், லண்டன்ல டாவிஸ்டாக் கிளினிக். 1948ல் அவர் வேலைக்கு எடுத்த ஆள் ஜேம்ஸ் ராபர்ட்சன். வேலை என்ன? ஆஸ்பத்திரி வார்டுக்குப் போய் உட்காரணும். குழந்தைகளைப் பார்க்கணும். எழுதணும்.

மூணு கட்டம்

ராபர்ட்சன் சென்ட்ரல் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்குப் போனார். “எங்க குழந்தைகள் சந்தோஷமா இருக்காங்க”ன்னு டாக்டர்கள் சொன்னாங்க. பொய் சொல்லல. ஏன்னா டாக்டர் ஒரு குழந்தைகிட்ட நிக்கிறது சில நிமிஷம். நர்ஸும் அப்படித்தான், ஒருத்தர் ஊட்டுவார், ஒருத்தர் குளிப்பாட்டுவார், ஒருத்தர் காய்ச்சல் பார்ப்பார். ஒரே குழந்தையை மணிக்கணக்கா, நாள்கணக்கா பார்த்துக்கிட்டே இருக்கிற வேலை அங்கே யாருக்கும் இல்லை. ராபர்ட்சனுக்கு இருந்தது.

அவர் பார்த்தது ஒரே மாதிரி திரும்பத் திரும்ப நடந்தது. குறிப்பா அஞ்சு வயசுக்குக் கீழே இருந்த குழந்தைகள்கிட்ட. அதை மூணு கட்டமா பிரிச்சு எழுதினார்.

முதல் கட்டம் எதிர்ப்பு. குழந்தை கத்துது, கட்டிலை உலுக்குது, கதவையே பார்க்குது. அம்மா வருவாங்கன்னு இன்னும் நம்புது.

ரெண்டாவது கட்டம் நம்பிக்கை இழப்பு. கத்தல் குறையுது. குழந்தை ஒடுங்கிப் போகுது. எதையும் கேட்கிறதில்லை. இந்தக் கட்டத்தைத்தான் வார்டுல “பழகிடுச்சு”ன்னு சொன்னாங்க. நம்ம ஊர் வார்த்தையில, சமத்து.

மூணாவது கட்டத்துக்கு முதல்ல ‘மறுப்பு’ன்னு பேர் வெச்சாங்க, அப்புறம் ‘விலகல்’னு மாத்தினாங்க. காசநோய் மாதிரி வியாதிகளுக்காக மாசக்கணக்கா இருந்த குழந்தைகள்கிட்ட இது தெளிவா தெரிஞ்சது. குழந்தை சிரிக்குது, சாப்பிடுது, எந்த நர்ஸ் வந்தாலும் கையை நீட்டுது. ஒரு நாள் அம்மா வர்றாங்க. குழந்தை அம்மா முகத்தைப் பார்க்கல. பையில என்ன மிட்டாய் இருக்குன்னு பார்க்குது. பார்க்கிறவங்களுக்குக் குழந்தை முழுசா தேறிட்ட மாதிரி தெரியும்.

ராபர்ட்சன் இதை டாக்டர்கள்கிட்ட சொன்னார். யாரும் நம்பல. “நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க”ன்னாங்க. பேசிப் பயனில்லைன்னு தெரிஞ்சதும் அவர் ஒரு முடிவெடுத்தார். படம் எடுத்துக் காட்டிடலாம்.

லாரா

ராபர்ட்சன் அதுவரைக்கும் சினிமா கேமராவையே தொட்டதில்லை. ஒரு 16 மில்லிமீட்டர் கேமராவும் கொஞ்சம் கறுப்பு-வெள்ளை ஃபிலிமும் வாங்கினாங்க. தனி லைட் இல்லை, உதவியாளர் இல்லை.

பௌல்பிக்கு டாக்டர்களைப் பத்தி நல்லாத் தெரியும், அவரும் டாக்டர்தானே. “அழுமூஞ்சிக் குழந்தையாப் பார்த்து எடுத்திருக்கீங்க”ம்பாங்க. அதனால ஆபரேஷனுக்குக் காத்திருந்த குழந்தைகளின் பட்டியல்ல இருந்து குருட்டாம்போக்கில ஒரு பேரை எடுத்தாங்க. “அழும்போது மட்டும் கேமராவை ஓட்டியிருக்கீங்க”ம்பாங்க. அதனால தினமும் முன்கூட்டியே குறிச்ச அதே நேரத்துல படம் பிடிச்சாங்க. ஆதாரத்துக்கு வார்டு சுவர்க் கடிகாரமும் படத்துல தெரியும்.

பட்டியல்ல வந்த பேர் லாரா. வயசு 2 வருஷம் 5 மாசம். தொப்புள் குடலிறக்கத்துக்குச் சின்ன ஆபரேஷன். 8 நாள் தங்கணும்.

இப்போ விதியின் விளையாட்டைப் பாருங்க. லாரா அழுமூஞ்சி இல்லை. வயசுக்கு மீறின அடக்கம் உள்ள குழந்தை. ராபர்ட்சனே முதல்ல கவலைப்பட்டிருக்கார், இந்தக் குழந்தையை வெச்சு எதை நிரூபிக்கிறதுன்னு.

படத்துல பெருசா ஒண்ணும் நடக்காது. லாரா கட்டில்ல உட்கார்ந்திருக்கா. கரடி பொம்மையையும் வீட்டுல இருந்து கொண்டுவந்த ஒரு துணியையும் கெட்டியா பிடிச்சிருக்கா. உதட்டை இறுக்கிக்கிறா. முகத்துல அழுகை வர்றதும், அதை அவளே அடக்குறதும் தெரியும். நடுநடுவுல, சத்தமே இல்லாம, அம்மா எங்கேன்னு கேட்கிறா. ஒரு நர்ஸ் அன்பா பக்கத்துல வந்து விளையாடினா, அடக்கி வெச்சது அப்படியே உடைஞ்சு அழுகை வருது. நர்ஸ் போனதும் முகம் மறுபடி மூடிக்குது.

இந்த இடத்துலதான் வார்டுக் கணக்குல இருந்த தப்பு பிடிபடுது. அன்பான முகம் அழுகையை உண்டாக்கல. உள்ளே ஏற்கனவே இருந்த அழுகை வெளியே வர அது வழி விட்டுச்சு. அம்மா வந்தா அழுறதும் இதே கதைதான். அமைதியா இருந்த நேரமெல்லாம் குழந்தை துக்கத்தைத் தனியா சுமந்துக்கிட்டு இருந்தது.

அம்மா வந்து போற நாட்கள்லயும் மாற்றம் தெரியும். நாளாக நாளாக லாரா முகத்தைத் திருப்பிக்கிறா. அம்மாகிட்ட ஒட்டுறதுக்கு ரொம்ப நேரம் ஆகுது. எட்டாவது நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது தன் சாமான்களை எல்லாம் விடாம எடுத்துக்கிறா. ஆனா அம்மா கையைப் பிடிக்க மாட்டேங்கிறா.

சில மாசம் கழிச்சு, பெரியவங்க இந்தப் படத்தைப் பார்த்துக்கிட்டிருந்தபோது லாரா தற்செயலா அதைப் பார்த்துட்டா. அம்மா பக்கம் திரும்பி, இவ்வளவு நேரமும் நீ எங்கேம்மா இருந்தேன்னு கேட்டு அழுதா. ஆறுதலுக்கு அப்பாகிட்டப் போனா. மாசங்கள் போயும் எதுவும் மறக்கல.

இதைப் படிச்சபோது எனக்கு அக்கா ஞாபகம்தான் வந்தது.

“படத்தை நிறுத்துங்க!”

படத்தின் பேர் ‘இரண்டு வயதுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்’. 1952ல் லண்டன்ல ராயல் மருத்துவச் சங்கத்துல, டாக்டர்களும் நர்ஸுகளும் கூடின சபையில திரையிட்டாங்க.

வரவேற்பு? கோபம்தான். ராபர்ட்சன் ஒரு ஏமாத்துக்காரர்னு எழுந்து நின்னு பேசினாங்க. எங்க தொழிலையே அவமானப்படுத்துறார், படத்தைத் திரும்பப் பெறணும்னாங்க. இந்தக் குழந்தை விதிவிலக்கு, எங்க வார்டுல இப்படி இல்லைன்னாங்க. உளப்பகுப்பாய்வாளர்கள்லயும் சிலர் வேற காரணம் சொன்னாங்க: லாராவின் அம்மா அப்போ கர்ப்பமா இருந்தாங்க, அதனால வரப்போற தம்பி தங்கச்சியைப் பத்தின கற்பனைதான் அவளை வாட்டுதாம். எட்டு நாள் அம்மா இல்லைங்கிற எளிய காரணம் அவங்க கண்ணுல படல.

ஏன் இவ்வளவு கோபம்? எனக்குத் தோணுறது இதுதான். இருபது முப்பது வருஷம் குழந்தைகளைக் காப்பாத்தவே உழைச்ச ஒருத்தர்கிட்ட, “உங்க வார்டோட அமைதி துக்கத்தோட அமைதி”ன்னு சொன்னா, அவர் அதுவரை பார்த்த ஒவ்வொரு சமத்துக் குழந்தையும் ஞாபகத்துக்கு வரும். அது தாங்கக்கூடிய விஷயம் இல்லை.

அந்தக் கோபக்காரர்கள்ல ஒருத்தர் டெர்மட் மெக்கார்த்தி, லண்டனுக்கு வெளியே ஆமர்ஷம் ஆஸ்பத்திரியின் குழந்தை மருத்துவர். படம் பார்த்துட்டுக் கோபமா வார்டுக்குத் திரும்பினார். அங்கே தினமும் காதுல விழுந்த அழுகை, அன்னிக்கு முதல் தடவையா கேட்ட மாதிரி இருந்தது அவருக்கு. வார்டு சிஸ்டர் ஐவி மோரிஸோட சேர்ந்து, அம்மாக்கள் குழந்தையோடவே தங்குறதுக்கு வழி பண்ணினார். 1958ல் ராபர்ட்சன் எடுத்த ரெண்டாவது ஆஸ்பத்திரிப் படம் அங்கே எடுத்ததுதான். அதுல குழந்தையோட அம்மாவும் கூடவே இருக்காங்க.

மெக்கார்த்திதான் முதல் ஆள்னும் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் நியூகாசில்ல ஜேம்ஸ் ஸ்பென்ஸ் என்ற டாக்டர் 1920கள்லயே அம்மாக்களைக் குழந்தையோட தங்க வெச்சார். அது அவருடைய தனிப்பட்ட நல்ல குணம்னு மத்தவங்க நினைச்சுட்டு விட்டுட்டாங்க. ராபர்ட்சனின் படம் அப்படிக் கடந்து போக விடல.

அம்மாக்கள் இறங்கினாங்க

1959ல், ஹாரி பிளாட் என்ற எலும்பு அறுவைச் சிகிச்சை நிபுணர் தலைமையில அரசுக் குழு ஒண்ணு அறிக்கை கொடுத்தது. குழந்தைகள் வார்டுல பெற்றோருக்குப் பார்வையாளர் நேரக் கட்டுப்பாடு இருக்கக் கூடாது. சின்னக் குழந்தைன்னா அம்மா கூடவே தங்க வசதி செய்யணும். அரசு ஏத்துக்கிட்டது. கேஸ் முடிஞ்சதா? இல்லை. அறிக்கை அலமாரியில உட்கார்ந்தது, நிறைய வார்டுகள்ல பழைய போர்டு அப்படியே தொங்குச்சு.

ராபர்ட்சன் இந்த முறை டாக்டர்களை விட்டுட்டு நேரா மக்கள்கிட்டப் போனார். 1961ல் அப்சர்வர் பத்திரிகையில தொடர் கட்டுரை எழுதினார். பிபிசி தொலைக்காட்சியில படத்தின் பகுதிகளைக் காட்டினார். உங்க அனுபவத்தை எழுதுங்கன்னு பெற்றோரைக் கேட்டார். கடிதங்கள் குவிஞ்சது, அவற்றைத் தொகுத்து 1962ல் புத்தகமாவே போட்டார். அதே 1961ல் தெற்கு லண்டன்ல பாட்டர்சீ பகுதி அம்மாக்கள் சிலர் சேர்ந்து ஒரு அமைப்பு தொடங்கினாங்க. அரசு இப்படிச் சொல்லியிருக்கு, நீங்க ஏன் செய்யலைன்னு ஆஸ்பத்திரிகள்கிட்ட கேட்டாங்க. அது நாடு முழுக்கப் பரவி ஒரு தேசிய சங்கமா வளர்ந்தது. வருஷக்கணக்கா விடாம கேட்டுக் கேட்டுத்தான் கதவுகள் ஒவ்வொண்ணா திறந்தது.

தியரி பிறந்த கதை

இதே நேரத்துல பௌல்பி பெரிய படத்தை வரைஞ்சுக்கிட்டிருந்தார். உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கிட்டதால, வீடில்லாத குழந்தைகளின் மனநலம் பத்தி 1951ல் ஒரு அறிக்கை எழுதினார். அதுக்கு அவர் எடுத்துக்கிட்ட ஆதாரங்கள்ல ஒண்ணு ரெனே ஸ்பிட்ஸின் ஆய்வு. சுத்தமான, சாப்பாட்டுக்குக் குறையில்லாத ஒரு குழந்தைகள் இல்லத்துல ஸ்பிட்ஸ் கவனிச்ச 91 குழந்தைகள்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள 34 பேர் இறந்துபோனாங்க. அங்கே இல்லாதது, ஒவ்வொரு குழந்தையையும் தூக்கி வெச்சுக்க ஒரு ஆள்.

1950ல் டாவிஸ்டாக் குழுவுல மேரி ஐன்ஸ்வொர்த் சேர்ந்தாங்க. அவங்களைக் கவர்ந்தது ராபர்ட்சனின் குறிப்பேடுகள். ஒரு நாள் நானும் இப்படித்தான் ஆய்வு பண்ணணும்னு முடிவு பண்ணினாங்க. பண்ணினாங்க: முதல்ல உகாண்டாவில், அம்மாக்களின் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, அப்புறம் அமெரிக்காவின் பால்டிமோர்ல. ஒரு வயசுக் குழந்தையை ஒரு புது அறையில சில நிமிஷம் அம்மா விட்டுட்டுப் போய்த் திரும்பி வரும்போது, குழந்தை என்ன செய்யுதுன்னு பார்க்கிற சோதனையை உருவாக்கினாங்க. ரீல்ஸ்ல வர்ற அந்த வகைப்பாடுகள் எல்லாம் இங்கிருந்து கிளம்பினதுதான்.

சில குழந்தைகள் அம்மா போனாலும் அழல, வந்தாலும் ஓடல. பொம்மையைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. ‘எவ்வளவு தைரியம்’னு தோணும். 1970கள்ல அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்தாங்க. துடிப்பு ஏறித்தான் இருந்தது. முகம் சமத்தா இருந்த நேரத்துல நெஞ்சு அடிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

பௌல்பி எங்கே சறுக்கினார்?

கதையை இங்கேயே முடிச்சா நான் நேர்மையா இல்லைன்னு அர்த்தம். பௌல்பியின் 1951 அறிக்கை அம்மா, அம்மா, அம்மான்னு அடிச்சுச் சொன்னது. வேலைக்குப் போற பெண்களைக் குற்றவாளி ஆக்க அதையே பலர் தூக்கிப் பிடிச்சாங்க. அநாதை இல்லத்துல வருஷக்கணக்கா இருந்த குழந்தைக்கு நடந்ததை, பகல்ல சில மணி நேரம் காப்பகத்துல இருக்கிற குழந்தைக்கும் பொருத்துறது நியாயமே இல்லை. 1962ல் உலக சுகாதார நிறுவனமே இந்த விமர்சனங்களைத் தொகுத்து வெளியிட்டது. 1972ல் மைக்கேல் ரட்டர் என்ற மனநல மருத்துவர் எல்லா ஆதாரங்களையும் மறுபடி அலசி, ‘பிரிவு’ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள எத்தனையோ வேறவேற விஷயங்களைப் போட்டுக் குழப்பியிருக்கோம்னு காட்டினார்.

சுவாரசியமானது என்னன்னா, ராபர்ட்சனும் ஜாய்ஸும் பின்னாடி இதைத் தாங்களே ஆராய்ஞ்சாங்க. அம்மா பிரசவத்துக்காக ஆஸ்பத்திரி போனபோது, அந்த வீட்டுச் சின்னக் குழந்தைகளை ஜாய்ஸ் தன் வீட்டுல வெச்சுப் பார்த்துக்கிட்டாங்க. முன்கூட்டியே பழகி, வீட்டுச் சாமான்களைக் கூட வெச்சு, அம்மாவைப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தாங்க. குழந்தைகளுக்குக் கஷ்டம் இருந்தது, ஆனா உடைஞ்சு போகல. அதே சமயம் ஜான்னு 17 மாசக் குழந்தை, 9 நாள் ஒரு தங்கும் காப்பகத்துல இருந்தான். நல்ல நர்ஸுகள்தான், ஆனா ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறிக்கிட்டே இருந்தாங்க. ஒவ்வொருத்தர் மடியா தேடித் தேடி ஓஞ்சு போனான். அம்மா திரும்பி வந்தப்போ அவங்ககிட்டப் போகாம அலறினான். 1969ல் வந்த அந்தப் படம் லாரா படத்தைவிடப் பார்க்கக் கஷ்டமானது.

அப்படின்னா குழந்தைக்கு வேண்டியது, மாறிக்கிட்டே இருக்காத, தன்னைத் தெரிஞ்ச ஒரு ஆள். அது அப்பாவா இருக்கலாம், பாட்டியா இருக்கலாம், வளர்ப்புத் தாயா இருக்கலாம். ருமேனியாவுல 1989ல் சௌசெஸ்கு ஆட்சி விழுந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்கள்ல இருந்தாங்க. உள்ளே போனவங்க பலரைத் திடுக்கிட வெச்சது அந்த அறைகளின் நிசப்தம். அழுதா யாரும் வர மாட்டாங்கன்னு தெரிஞ்ச குழந்தைகள் அழுறதையே விட்டிருந்தாங்க. 2000க்குப் பிறகு புக்கரெஸ்ட்ல 136 குழந்தைகளை வெச்சு நடந்த ஆய்வுல, வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனவங்க தேறினாங்க. ரெண்டு வயசுக்குள்ள போனவங்க இன்னும் நல்லா தேறினாங்க. குழந்தை மனசு காயப்படும், ஆனா ஆள் கிடைச்சா ஆறவும் செய்யும்.

அதனால ரீல்ஸ் பார்த்துட்டு “நான் அவாய்டன்ட், என் தலையெழுத்து”ன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஐன்ஸ்வொர்த் அளந்தது, ஒரு குழந்தைக்கும் அந்த நேரத்துல அதைப் பார்த்துக்கிட்டவருக்கும் நடுவுல இருந்த உறவை. ஆயுசுக்கும் ஒட்டுற லேபிள் இல்லை அது.

சமத்தும் ஏக்கமும்

நர்ஸ் சரியா, பாட்டி சரியா? பாட்டிதான். ஆனா இதை வெச்சு “பார்த்தியா, நம்ம முன்னோர் அப்பவே சொன்னாங்க”ன்னு நான் காலரைத் தூக்கப் போறதில்லை. ‘ஏங்கிப் போச்சு’ன்னு ஒரு வார்த்தை நம்ம மொழியில இருக்கு, உண்மை. அழுகையை முழுங்கின குழந்தையை ‘சமத்து’ன்னு கொஞ்சுற வார்த்தையும் நம்மகிட்டதான் இருக்கு. எதை எப்போ சொல்றோம்ங்கிறதுதான் விஷயம். அந்த நர்ஸ்மேலயும் எனக்குக் கோபம் இல்லை. எத்தனை கட்டில், எத்தனை மணி நேர ட்யூட்டியோ. அவங்க அம்மாவுக்கு ஒரு நல்ல சேதி சொல்ல நினைச்சாங்க.

நம்ம நாட்டுல பொது வார்டுல அம்மா கூட இருக்கிறது சாதாரணம். ஐசியூ கதவுதான் இன்னும் இறுக்கம். அங்கேயும் அசைவு இருக்கு: பிறந்த குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவுகளுக்குள்ள பெற்றோரைப் பராமரிப்புலயே சேர்த்துக்கணும்னு மத்திய சுகாதார அமைச்சகம் 2017ல் வழிகாட்டி வெளியிட்டிருக்கு. தொற்று பயம் உண்மைதான்; கை கழுவி, கவுன் போட்டு, பயிற்சி கொடுத்து உள்ளே விடுறது அந்தப் பயத்துக்கு ஒரு பதில். அடுத்த தடவை யாராவது “பத்து நிமிஷம்தான்”னு சொன்னா, “இன்னும் கொஞ்ச நேரம் இருக்க வழி இருக்கா?”ன்னு மரியாதையா கேட்டுப் பாருங்க. பாட்டர்சீ அம்மாக்கள் செஞ்சது அதைத்தான்.

இந்த அத்தியாயத்துக்காகப் படிச்சுக்கிட்டிருந்தப்போ, லாரா அம்மா கையைப் பிடிக்காத இடம் வந்ததும் அக்காவுக்கு போன் பண்ணினேன். “அவன் உன்னை மறக்கல. மறந்திருந்தா முகத்தைத் திருப்பியிருக்க மாட்டான். நீ எங்கே போயிருந்தேன்னு கேட்கத் தெரியாம கேட்டிருக்கான்”னேன். அக்கா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், “வீட்டுக்கு வந்து ஒரு மாசம் நான் பாத்ரூம் போனாக்கூட கதவைத் தட்டிட்டே இருந்தான்டா. எரிச்சல்ல திட்டிட்டேன்”னா.

இப்போ அவனுக்கு மூணு வயசு. நல்லா இருக்கான். நல்லா அழுறான், அடம் பிடிக்கிறான். பாட்டிக்கு அதுல ரொம்ப திருப்தி.

இந்த வாரம் அவ்வளவுதான். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு ஆஸ்பத்திரிக் கதை இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.